ஹம்ஸத்துக்குத் தவிடு

பிச்சமுத்து டாக்டருக்கு மாடு என்றால் உயிர். எருமையையும் தள்ளமாட்டார். ஆட்டுக்குக் கழிச்சல் என்று யாராவது வாசலில் வந்து நின்றால் சாப்பிடுகிற கையை உதறிவிட்டு எழுந்து போவார். பறவைகள் விஷயத்தில் மட்டும் அவருக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது. கோழிக்குச் சீக்கு என்று திருச்சி ஜில்லாவில் யார் டாக்டரைத் தேடினார்கள்? மஞ்சளும் மிளகும் அரைத்துப் புகட்டுவார்கள். அப்படியும் தலை தொங்கினால் குழம்பு வைத்துவிடுவார்கள். அதனால் ஐம்பத்தேழாம் வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒருநாள், ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மாசி என்ற தோட்டக்காரர் வந்து, "நந்தவனத்து அம்மா உங்களைக் கூட்டியாரச் சொன்னாங்கய்யா. வாத்துக் குஞ்சுங்களுக்குக் காலு விளங்கலை" என்றபோது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

புத்தூர் வீட்டில் அவர் மனைவி செல்லக்கிளி அதற்கும் ஒரு படி மேலே போனாள். "காட்டூர்ல உங்கப்பா வயலும் வரப்புமாக் கிடந்து உங்களைப் படிக்க வச்சாரு. எதுக்கு, வாத்துக்குக் கால் பிடிச்சு விடறதுக்கா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே சைக்கிளில் மருந்துப் பெட்டியை இறுக்கிக் கட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

நந்தவனம் கொள்ளிடக் கரையை ஒட்டி இருந்தது. வகுளாபரணம் ஐயங்கார் குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்தது; வீடும் அதற்குள்ளேயே. துளசியும் இருவாட்சியும் செண்பகமும் பயிராக்கி, தினம் கோயிலுக்கு மாலை கட்டி அனுப்புவது அந்தக் குடும்பத்தின் கைங்கரியம். ஐயங்கார் பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார். ஆகையால் நந்தவனத்தில் ஆட்சி முழுவதும் அவர் மனைவி செங்கமலத்தம்மாளுடையது. அந்த ஆட்சியில் அப்பீல் கிடையாது.

வாத்து வந்த கதையை அம்மாசி வழியிலேயே சொல்லிவிட்டார். பொன்மலையில் ஒரு வெள்ளைக்காரத் துரை சொந்த ஊருக்குக் கப்பலேறும்போது, ஆசையாக வளர்த்த ஒரு ஜோடி சீமை வாத்தைத் தன் சமையல்காரர் லூர்துவிடம் விட்டுப் போனார். நம் வயல்காட்டு வாத்தைப் போல இரண்டு பங்கு பெரிசு. லூர்து குடியிருந்த குவார்ட்டர்ஸில் கோழி திரும்பிப் படுக்கக்கூட இடம் இல்லை. அவர் ஐயங்காரைப் பிடித்தார். ஆடு மாடு வாரத்துக்கு விடுவதில்லையா, அந்த முறையில் பேச்சு முடிந்தது. வளர்ப்பது நந்தவனம், பிறக்கிற குஞ்சில் பாதி லூர்துவுக்கு. பாம்பு அண்டாது, பூத்திருடன் நுழையமாட்டான் என்று ஐயங்காரும் சம்மதித்தார்.

கூடையிலிருந்து அவை இறங்கியதும் செங்கமலத்தம்மாள் பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற உடம்பு. நீண்ட கழுத்து. யாருக்கும் வழிவிடாத நடை. "இதைப் போய் வாத்துங்கறேளே, இது ஹம்ஸம்னா!" என்றாள். அன்றிலிருந்து அந்த நந்தவனத்துக்குள் வாத்து என்ற சொல்லுக்குத் தடை. அம்மாசி மட்டும் அவ்வப்போது வாய் தவறித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் போய்ச் சேர்ந்தபோது அம்மாள் குளித்துவிட்டு மடியாக உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தாள். மகிழமரத்தடியிலிருந்தே, "வாங்கோ டாக்டர். குழந்தைகள் மண்டபத்துலே இருக்கா. அம்மாசி காட்டுவான்" என்று குரல் கொடுத்தாள். கிட்டே வரவில்லை. காட்டூர்க்காரருக்கு ரோசம் கொஞ்சம் ஜாஸ்தி. முகம் சுண்டிவிட்டது. அம்மாசி அதைக் கவனித்து, "பூக் கட்டற நேரத்துல ஐயாவையே அண்ட விடமாட்டாங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்று காதோடு சொன்னார். டாக்டர் மனசில் வைத்துக்கொள்ளத்தான் செய்தார்.

மண்டபம் என்பது நாலு கல்தூண் நிற்கிற பழைய கட்டடம். கீரிக்கும் காக்கைக்கும் பயந்து குஞ்சுகளை அதற்குள்ளே தட்டி கட்டி அடைத்திருந்தார்கள். மொத்தம் ஐந்து. நாலு குஞ்சுகள் கால் வில்லாக வளைந்து, இரண்டடி வைத்தால் குந்தி, மறுபடி எழுந்து தடுமாறின. ஐந்தாவது எழவே இல்லை. முழங்கால் போல நடுவில் மடிகிற மூட்டு வீங்கி, அதன்மேலேயே உட்கார்ந்து நகர்ந்தது.

டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். முள் இல்லை, புண் இல்லை, சூடு இல்லை. விரலைக் கிள்ளினார். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. ஆக நரம்பு செத்துப் போகவில்லை. மார்பில் சதை இருந்தது, கண்ணில் ஒளி இருந்தது.

"தீனி என்னம்மா குடுக்கறீங்க?" என்று மகிழமரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அதுக்குக் குறைச்சலே கிடையாது. பெருமாள் அமுது பண்ணினதுதான் அதுகளுக்கும்" என்று பதில் வந்தது.

வீட்டுச் சோறும் உண்டு போலிருக்கிறது, ராஜ சாப்பாடு என்று நினைத்துக்கொண்டார். மேற்கொண்டு கேட்கவில்லை. பறவை வளர்க்கிற வீட்டில் தவிடு போடுகிறீர்களா என்று கேட்பது, மனிதர்களிடம் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்பதுபோல அவருக்குத் தோன்றியிருக்கும்.

வெயில் படாத கல் மண்டபம், கிடுகிடுவென்று வளர்கிற குஞ்சு, வளைந்த எலும்பு. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முடிவு கட்டினார். வழுக்குகிற கல்லில் வைக்கோல் பரப்பச் சொன்னார், காலை வெயிலில் விடச் சொன்னார், கிளிஞ்சலைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னார். இதற்கு மேல் மீனெண்ணெய் கொடுத்தால் நல்லது என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஈரப்புடவையும் துளசியுமாக உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்ததும் 'மீன்' என்கிற சொல் தொண்டைக்கு மேலே ஏறவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பத்துப் பதினைந்து நாளில் அம்மாசி மறுபடி வந்து நின்றார். "ஒண்ணும் தேவலைங்கய்யா. அந்தக் கடைசிக் குஞ்சு இப்ப சாஞ்சே கெடக்குது. அம்மா சரியாச் சாப்பிடறதில்லை."

எல்லாம் மீனெண்ணெய் கொடுக்காத குறைதான் என்று டாக்டர் தன்னையே நொந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சீசாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். காவிரிப் பாலம் நெடுக ஒத்திகை. 'அம்மா, இது ஒரு எண்ணெய்... கடல்ல கிடைக்கிறது...' என்று ஆரம்பித்துப் பார்த்தார். 'கொஞ்சம் வாடை இருக்கும்' என்று மாற்றிப் பார்த்தார். எதிரே வந்த பால்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

போன நேரம் சீக்கிரம். அம்மாள் உள்ளே பூஜையில் இருந்தாள். டாக்டர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார். செய்ய வேறு வேலை இல்லாததால், முதல் தடவையாக அந்தப் பறவைகளை உண்மையிலேயே பார்த்தார்.

ஆண் வாத்து கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வந்து, சைக்கிள் டயரை ஒரு கவ்வு கவ்விப் பார்த்து, இது பாம்பில்லை என்று தெளிந்ததும் திரும்பிப் போனது. பெட்டை வேலியோரம் அறுகம்புல்லைக் கத்திரித்தாற்போல வெட்டி வெட்டித் தின்றது. இரண்டுக்கும் கால் தேக்குக் கட்டை. ஒரே தோட்டம், ஒரே வெயில், ஒரே தண்ணீர். பெற்றவை நடக்கின்றன, பிள்ளைகள் நடக்கவில்லை. ஏன்?

எழுந்துபோய் மண்டபத்திலிருந்து ஒரு குஞ்சைத் தூக்கினார். என்னவோ தோன்றி அலகைக் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கவில்லை. கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாக இருந்தது. அவருக்குச் சுருக்கென்றது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த குஞ்சுக்கு அலகு ரப்பராக வளையுமே! அன்றைக்கு இதைத் தொட்டுப் பார்க்க ஒரு நொடி ஆகியிருக்குமா? கால் கால் என்று சொன்னார்கள், காலையே பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். 'அடே பிச்சமுத்து, உனக்குப் பட்டம் ஒரு கேடா' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அப்போது செங்கமலத்தம்மாள் வெண்கலத் தட்டோடு வந்தாள். தட்டில் பாலில் பிசைந்த சாதம். மல்லிகை மொட்டுப் போல வெளுப்பு. மேலே ஒரு துளசிதளம். மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, குஞ்சு குஞ்சாகக் கூப்பிட்டுக் கையாலேயே ஊட்டினாள். சாய்ந்து கிடந்ததன் தலையை நிமிர்த்திப் பிடித்து, அது விழுங்குகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"தவிடு எப்பம்மா போடுவீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "தவிடா? ஹம்ஸத்துக்கா?"

பிறகு சொன்னாள். இந்த வீட்டில் பெருமாளுக்குக் காட்டாத எதையும் யாரும் வாயில் போடுவதில்லை. தவிட்டையும் பிண்ணாக்கையும் அவருக்குக் காட்ட முடியுமா? புழுங்கலரிசிகூட ஆகாது. பச்சரிசிதான். அதுவும் மில்லில் நன்றாகத் தீட்டி, கழுவின நீர் தெளிகிற வரைக்கும் களைந்து, கஞ்சியை வடித்துவிட்டுத்தான் தளிகை. நாள் கிழமையில் அக்காரவடிசலும் உண்டு. வடித்த கஞ்சியும் தவிடும் பிண்ணாக்கும் மாட்டுக்குப் போகும்.

"பசுவும் உசந்ததுதானேம்மா?"

"பசு கோமாதா, இல்லேங்கலை. ஆனா அது இந்த ஆத்து மனுஷி. ஹம்ஸம் பெருமாளுக்கு வாகனம். விருந்தாளியாட்டம் வந்திருக்கு."

கொட்டிலில் அந்தப் பசு பளபளவென்று நின்றதை டாக்டர் பார்த்தார். தட்டில் கிடந்த வெள்ளைச் சாதத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கல்லூரியில் வாத்தியார் சொன்னதுதான். தீட்டின அரிசி மட்டும் தின்ற கோழிகள் காலும் கழுத்தும் கோணிக் கிடந்தன, தவிடு போட்டதும் எழுந்தன என்று. தவிட்டில் இருக்கிற அந்தச் சத்து வாத்து இனத்துக்குக் கோழியைவிடப் பல பங்கு கூடுதலாக வேண்டும். கிடைக்காவிட்டால் கால் வில்லாகும், மூட்டு வீங்கும். பெற்றவை புல்லும் பூச்சியும் தேடித் தின்று பிழைத்துக்கொண்டன. பிள்ளைகளைப் பத்திரமாக அடைத்து வைத்து, உள்ளதிலெல்லாம் உயர்ந்ததாகப் பார்த்துப் போட்டு, கால் வளைந்துவிட்டது. காட்டூரில் அவர் வீட்டுப் புழுங்கல் கஞ்சியில் வளர்ந்த குஞ்சுக்கு இந்த வியாதி ஏழு ஜன்மத்துக்கும் வராது.

கண்டுபிடித்தாகிவிட்டது. சொல்வது எப்படி? "அம்மா, சில சமயம் என்ன ஆகுதுன்னா, நாம நல்லதுன்னு நினைக்கிறது..." என்று இழுத்தார்.

"சுத்தி வளைக்காதேங்கோ டாக்டர். நான் போட்ட சாதத்தினாலேதானே?"

"ஆமாம்மா." தலையைக் குனிந்துகொண்டார். "நானும் அன்னைக்குத் தப்பாத்தான் பார்த்தேன். அலகைத் தொட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பக்கத்துல வந்து தீனியையும் விசாரிக்கலை."

அழப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். இல்லையென்றால் என் பெருமாள் பிரசாதத்தையா குறை சொல்கிறாய் என்று சீறப்போகிறாள். இருபது வருஷ வேலையில் எத்தனையோ மாட்டுக்காரர்கள் அவரிடம் அப்படிச் சீறியிருக்கிறார்கள். அம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான்.

"சரி. உங்க தப்பு ஒண்ணு, என் தப்பு ஒண்ணு ஆச்சு. இப்போ என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்கோ."

டாக்டர் அசந்துபோனார். தன் தப்பை இப்படி ஒரு வாக்கியத்தில் விழுங்கி ஏப்பம்கூட விடாமல் அடுத்த வேலைக்கு நகர்ந்த மனுஷியை அவர் அதுவரை பார்த்ததில்லை. மனசில் வைத்திருந்த ரோசம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

"நடக்க வச்சுடுவேளா?" என்று அவள் மறுபடி கேட்டாள். "லூர்து வந்துட்டுப் போனான். நல்ல மனுஷன்தான், அவனைச் சொல்லப்படாது. 'பாதி பாதின்னு பேசினோம், அதெல்லாம் வேண்டாம்மா. நடக்கறதெல்லாம் உங்களுக்கு, நடக்காததெல்லாம் எனக்கு. நடக்காததை வச்சுண்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க'ன்னான். அதை வச்சுண்டு நீ என்ன பண்ணுவேன்னு கேட்டேன். கிறிஸ்துமஸ்னு சொன்னான். அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கலை."

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம்கூட முழுசாக இல்லை.

"நாலு நடக்கும்மா. எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார் டாக்டர். "அஞ்சாவது... மூட்டுக்குப் பின்னால ஓடற தசைநார் பக்கத்துல நழுவ ஆரம்பிச்சிருக்கு. முழுசா நழுவிட்டா என்னால ஆகாது. இன்னும் முழுசா நழுவலை."

வைத்தியத்தைச் சொன்னார். தவிட்டைத் தண்ணீரில் குழைத்துப் போட வேண்டும். கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்துக் கலக்க வேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கு விஷம், புதுசாகப் பார்த்து வாங்க வேண்டும். புல்லும் கீரையும் நறுக்கிப் போட வேண்டும். இது போக ஒரு மாத்திரை, பொடித்துத் தீனியில் தூவ.

"அது எதிலேர்ந்து பண்றா?"

சட்டைப் பையில் மீனெண்ணெய்ச் சீசா உறுத்தியது. ஏதாவது ஒரு தானியத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் நேருக்கு நேர் கேட்கிறவளிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பீர் காய்ச்சறாங்கல்லம்மா. அந்தப் பீப்பாயில அடியில தங்கற மண்டி."

செங்கமலத்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "கள்ளுக்கடையை சர்க்கார் மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு. அது சுத்திண்டு சுத்திண்டு கடைசியிலே நந்தவனத்துக்கா வந்து சேரணும்?" என்றாள். பிறகு கண்ணைத் திறந்தாள். "மருந்துன்னு நீங்க குடுக்கறேள். மருந்துதான். அவர்கிட்டே நான் சொல்லிக்கறேன்." அவர் என்றது ஐயங்காரையா பெருமாளையா என்று டாக்டர் கேட்கவில்லை.

ஐந்தாவது குஞ்சுக்கு உடனே கட்டுப் போட்டாக வேண்டும். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அம்மாசி பூக்கூடையோடு கோயிலுக்குப் போயிருந்தார். டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். மகிழமரத்தடியில் பாதி கட்டின மாலை வாழைப்பட்டையில் கிடந்தது. அம்மாளும் ஒருமுறை அந்த மாலையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், வெளுத்துக் காய்ந்த பருத்திப் புடவையின் ஓரத்தை நீளமாகக் கிழித்து எடுத்து வந்தாள். டாக்டருக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குஞ்சை மடியில் போட்டுக்கொண்டாள்.

"எப்படிப் பிடிக்கணும், சொல்லுங்கோ."

அவர் காலை நீட்டி, மூட்டின் பின்பக்கம் விரலால் தடவி, நழுவப் பார்த்ததை மெல்ல அதன் பள்ளத்துக்குத் தள்ளினார். குஞ்சு வீறிட்டது. அவள் கை அசையவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. கால் இரண்டும் அகன்று போகாதபடி நடுவில் இடம் விட்டுப் பட்டையாகக் கட்டினார். கடைசி முடிச்சுக்கு விரல் வைத்து அழுத்தியது அவள்தான். பெரிய டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்ற கம்பவுண்டர்கள்கூட இத்தனை திடமாகப் பிடித்ததில்லை என்று பிச்சமுத்துவுக்குத் தோன்றியது. அவள் எழுந்து கொள்ளிடத்துக்குத் தலைமுழுகப் போனாள். முழுகிவிட்டு வந்துதான் மாலையைத் தொடர்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் போனபோது ஐயங்கார் வீட்டில் இருந்தார். மெலிந்த, சாதுவான மனிதர். அவரைப் பார்த்தாலே கூட்டல் கழித்தலில் தப்பு வராது என்று தெரியும். அன்று அவருக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பெருமாள் சந்நிதியில், துளசிதளத்தோடு, ஒரு கிண்ணம் தவிடு இருந்தது.

"இத்தனை தலைமுறையிலே இந்த ஆத்துலே யாராவது தவிட்டைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியிருக்காளா? நீயே சொல்லு" என்று அவர் மனைவியைக் கேட்டார்.

"பண்ணலை. ஆனா அவருக்கு அது புதுசா என்ன?" என்றாள் செங்கமலத்தம்மாள். "குசேலர் கந்தல் துணியிலே முடிஞ்சுண்டு போனாரே அவல், அது என்ன மில்லிலே தீட்டினதா? உரல்லே இடிச்ச அவல்னா. அதிலே தவிடு ஒட்டிண்டிருக்காதா? ஒரு பிடி போறாதுன்னு இன்னொரு பிடிக்குக் கை நீட்டினவர் அவர். இப்போ மட்டும் முகத்தைத் திருப்பிப்பாரா?"

ஐயங்கார் துணைக்கு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வாசல் தூணை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் ஐயங்காரே சின்னக்கடைவீதிக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, முகர்ந்து பார்த்துப் புதுப் பிண்ணாக்கு வாங்கி வந்தார் என்று அம்மாசி பிறகு சொன்னார்.

அப்புறம் டாக்டரை யாரும் கூப்பிட்டு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி மூடினதும் சைக்கிள் தானாகக் காவிரிப் பாலத்துக்குத் திரும்பியது. "வாத்து வீட்டுக்கா?" என்று செல்லக்கிளி கேட்டால், "ஹம்ஸம்னு சொல்லு" என்பார்.

வாரம் திரும்புவதற்குள் இரண்டு குஞ்சுகள் குந்தாமல் நின்றன. அதற்கடுத்து இன்னும் இரண்டு. வில் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. மண்டபத்துத் தட்டியை எடுத்துவிட்டு, தாயோடு புல்லில் மேயவிட்டார்கள். கீரி வந்தால் பார்த்துக்கொள்ள ஆண் வாத்து இருந்தது.

ஐந்தாவதுதான் மனம் வைக்கவில்லை. கட்டோடு அதற்கு உடம்புப் பாரத்தைத் தாங்க முடியவில்லை. "தண்ணியில விட்டா பாரம் தெரியாதும்மா. அடிவயித்துல கையைக் குடுத்து மிதக்க விடுங்க, அது தானா காலை அடிக்கும்" என்றார் டாக்டர். மார்கழி பிறந்துவிட்டது. விடிகாலையில் வாய்க்கால் தண்ணீர் ஊசியாகக் குத்தும். செங்கமலத்தம்மாள் தினம் மாலை கட்டி முடித்துக் கூடையை அனுப்பிவிட்டு, முழங்கால் ஆழத்தில் இறங்கி, உள்ளங்கையில் அந்தக் குஞ்சைத் தாங்கிக்கொண்டு நின்றாள். சாயங்காலமும் நின்றாள். ஒவ்வொரு தடவையும் மாத்திரையைத் தொட்டதற்கு ஒரு முழுக்கு, மறுபடி பூவைத் தொடுவதற்கு ஒரு முழுக்கு. பெருமாளுக்கு மாலை ஒருநாளும் குறையவில்லை, நேரமும் தவறவில்லை. அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஐயங்கார் கோபித்துக்கொண்டதற்கு, "நான் வளைச்ச கால். நான்தான் நிமிர்த்தணும்" என்றாள்.

டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஊரெல்லாம் பக்தி பக்தி என்கிறார்களே, இதுதான் அது போலிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அவர் கோயில் குளம் என்று அதிகம் போகிறவர் இல்லை. இருந்தாலும் பட்டது.

லூர்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் வந்தார். பருத்த உடம்பு, நரைத்த மீசை, கையில் மூங்கில் கூடை. டாக்டரும் அன்று வந்திருந்தார். கட்டைப் பிரிக்கிற நாள் அது.

புல்லில் வரிசையாகப் போகிற நாலு குஞ்சுகளைப் பார்த்து லூர்து கூடையைக் கீழே வைத்துவிட்டார். "மாதாவே! இதுங்களா அதுங்க? அம்மா, நாலும் உங்களுதுதான். பேச்சு மாறமாட்டேன்." பிறகு தயங்கினார். "அந்த இன்னொண்ணு?"

"நீயும் பேச்சு மாற வேண்டாம், நானும் மாறலை" என்றாள் செங்கமலத்தம்மாள். "டாக்டர், பிரிச்சுடுங்கோ."

பிச்சமுத்து கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு சுற்றாக, மெல்ல. எத்தனையோ மாட்டுக்குக் கன்று இழுத்துப் போட்ட கை. மூட்டைத் தடவிப் பார்த்தார். வீக்கம் வற்றியிருந்தது, நழுவினது பள்ளத்திலேயே இருந்தது. ஆனால் நடக்குமா? அவருக்குத் தெரியவில்லை. குஞ்சைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு விலகினார்.

அது உட்கார்ந்தது. உட்கார்ந்தே இருந்தது.

அம்மாசி தவிட்டுக் கிண்ணத்தை நீட்டி ஆசை காட்டப் போனார். அம்மாள் கையைக் காட்டித் தடுத்தாள். அவளும் கூப்பிடவில்லை. விரல்களை உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டு, ஐந்தாறு அடி தள்ளி நின்றாள். லூர்து கூடையைக் காலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அவருக்கும் அது கண்ணில் படவேண்டாம் என்றிருந்தது போலும்.

வாய்க்கால் பக்கமிருந்து தாய் வாத்து கத்தியது. மற்ற நாலையும் தண்ணீருக்கு இட்டுக்கொண்டு போகிற குரல்.

குஞ்சு கழுத்தை நீட்டியது. ஒரு காலை ஊன்றியது. மறு காலை ஊன்றியது. உடம்பு ஆடிற்று, இதோ விழப்போகிறது என்று டாக்டர் ஓரடி முன்னால் வைத்துவிட்டார். விழவில்லை. ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. கொஞ்சம் உள்பக்கமாகக் கோணின நடைதான். ஆனால் நடை. வழியில் செங்கமலத்தம்மாள் நின்றாள். இத்தனை நாளாக வேளாவேளைக்கு ஊட்டின கை, மார்கழித் தண்ணீரில் தாங்கின கை, அதற்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அது அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், புடவைக் கரையை உரசிக்கொண்டு தாண்டி, குரல் வந்த திக்கில் ஓட்டமும் நடையுமாகப் போய்த் தண்ணீரில் விழுந்தது.

அம்மாள் திரும்பினாள். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"பார்த்தேளா டாக்டர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை" என்றாள். "நன்னா ஆயிடுத்து."